தோட்டாவும் தோட்டமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாற்றை எழுதியோர் கோப்பியையும் தேயிலையையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கங்காணி முறை, துண்டு முறை, லயன் வாழ்க்கை, புகையிரதப் பாதை, தொழிற்சங்க எழுச்சி ஆகியனவும் அவர்தம் கவனத்தைப் பெற்றுள்ளன. துப்பாக்கியோ அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டுள்ளது. துரைமாரின் பங்களாச் சுவரில் மான்கொம்புகளுக்குக் கீழே தொங்கும் அலங்காரப் பொருளாகவும், வேட்டை நூல்களில் வீரத்தின் சின்னமாகவும் அது தோன்றி மறைகின்றது. எத்தகைய துப்பாக்கி, எத்தகைய தோட்டா என்னும் வினாக்கள் வேட்டைப் பிரியருக்கும் குறிபார்த்துச் சுடுவோருக்குமே உரியவை எனக் கருதப்பட்டமை இதற்குக் காரணமாகலாம்.

எனினும், ஒரு தோட்டாவைத் தெரிவுசெய்பவர், அறிந்தோ அறியாமலோ, மூன்று வினாக்களுக்கு விடையளிக்கின்றார். எதனை வீழ்த்துவது என்பது முதலாவது. எவ்வளவு தூரத்திலிருந்து வீழ்த்துவது என்பது இரண்டாவது. குறி தவறினால் குண்டு எங்கே சென்று தங்கும் என்பது மூன்றாவது. முதலிரு வினாக்களுக்கும் மலைநாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடப்பட்டது. மூன்றாவது வினாவின் விடையிலே தம் உடலையும் உயிரையும் வைத்திருந்த மக்களிடம் அவ்வினா கேட்கப்படவில்லை. இக்கோணத்திலிருந்து நோக்குமிடத்து, தோட்டாவின் கதை தோட்டத்தின் கதையிலிருந்து பிரிக்கவியலாத ஒன்றாகின்றது.

மலைநாட்டின் காடுகளுக்குள் ஆங்கிலேயர் முதலில் எடுத்துச்சென்ற துப்பாக்கி பெருங்குண்டுத் துப்பாக்கியாகும். 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததன் பின்னர் பாதைகள் அமைக்கப்பட்டன. 1830களின் பிற்பகுதியிலிருந்து கோப்பித் தோட்டங்கள் பெருகின. காடு வெட்டப்பட்ட வேகத்திலேயே யானைகளும் கொல்லப்பட்டன. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கிய மேஜர் தோமஸ் றோஜர்ஸ் 1,400 இற்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் எனக் கூறப்படுகின்றது. 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். அவரது கல்லறை நுவரெலியாவில் உள்ளது. இக்கொலைகள் தனிமனிதரின் வேட்கையால் மட்டும் நிகழ்ந்தனவல்ல. யானைகளைக் கொல்வோர்க்கு அரசாங்கம் பணம் வழங்கியது. 1848 இற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 இற்கு மேற்பட்ட யானைகளுக்கு இவ்வாறு வெகுமதி வழங்கப்பட்டதை எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட தம் நூலிலே பதிவுசெய்துள்ளார்.

பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் இத்தீவில் வாழ்ந்தார். அக்காலத்தில் எழுதப்பட்ட அவரது வேட்டை நூலிலே, துப்பாக்கியைத் தெரிவுசெய்வது பற்றிய நீண்ட ஆராய்ச்சி இடம்பெறுகின்றது. பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துப்பாக்கித் தொழிலாளர் அவருக்குச் செய்து கொடுத்த துப்பாக்கி 21 இறாத்தல் நிறையுடையது; நான்கு அவுன்ஸ் நிறையுள்ள குண்டைச் செலுத்தவல்லது. அக்குண்டுக்கு ஓர் அவுன்ஸ் வெடிமருந்து இடப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் மரைகளை அவர் வேட்டைநாய்களைக் கொண்டு துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்றார். யானைக்கும் காட்டெருமைக்கும் பெருங்குண்டைப் பயன்படுத்தினார். விலங்கின் உடலளவுக்கேற்பக் கருவியைத் தெரிவுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையை அவர் தெளிவாகவே வகுத்திருந்தார்.

அவ்விரு துப்பாக்கி வீரரின் வேட்டைக்காலம் முடிந்த பின்னர் நிலக்காட்சி மாறியது. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் கோப்பியின் இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, தேயிலை மலைமுகடுகள் வரை ஏறியது. காடு துண்டு துண்டாகச் சிதறியதும் பெருவிலங்குகள் பின்வாங்கின. தேயிலைச் செடிகளிடையேயும் ஓடைக்கரைகளிலும் எஞ்சிய காட்டுத் துண்டங்களிலும் வாழப் பழகியவை சிறு விலங்குகளே. முயல், முள்ளம்பன்றி, சருகுமான், கேளையாடு, காட்டுக்கோழி, மலைப்புறா ஆகியன அவற்றுட் குறிப்பிடத்தக்கன. பேக்கரின் நான்கு அவுன்ஸ் குண்டுக்கு இவ்வுலகத்தில் வேலையில்லை. சிறுவேட்டை என்னும் புதிய வகை உருவாயிற்று. அதற்கேற்ற சிறுதோட்டாவும் உலகின் வேறொரு மூலையில் அக்காலத்தே உருவாகிக் கொண்டிருந்தது.

இச்சிறுதோட்டாவின் தோற்றத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து. பழைய துப்பாக்கியில் வெடிமருந்து, அடைப்பு, குண்டு என்பன வாய்வழியே தனித்தனியாக இடித்து நிரப்பப்பட்டன. ஈழத்துப் பேச்சுவழக்கில் இன்றும் வழங்கும் ‘இடியன்’ என்னும் பெயர் இச்செயலை உணர்த்துவதாகும். 1845 ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்து லூயி நிக்கொலா புளோபேர், தீப்பற்றுமருந்து அடங்கிய சிறு உலோகக் கிண்ணத்தின் வாயிலே குண்டைப் பொருத்தி, அனைத்தும் ஒன்றாயமைந்த ஒரு தோட்டாவை உருவாக்கினார். அது வீட்டினுள்ளே குறிபார்த்துச் சுட்டு விளையாடுவதற்கானது. இதனை வளர்த்தெடுத்த அமெரிக்க நிறுவனமாகிய ஸ்மித் அன்ட் வெஸன் 1857 இல் .22 அங்குலத் தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொழுப்புத் தடவிய தாள்தோட்டாவைப் பல்லாற் கடிக்க மறுத்த சிப்பாய்கள் இந்தியாவிற் கிளர்ந்தெழுந்ததும் அவ்வாண்டிலேயே என்பது நினைவுகூரத்தக்கது. தாள்தோட்டாவின் காலம் முடிவதற்கும் உலோகத்தோட்டாவின் காலம் தொடங்குவதற்கும் உரிய எல்லைக்கோடாக அவ்வாண்டினைக் கொள்ளலாம்.

இத்தோட்டா விளிம்புத்தோட்டா எனப்படத்தக்கது. உலோக உறையின் அடியிலே சிறு விளிம்பொன்று புடைத்து நிற்கும். அதன் உட்குழிவினுள் தீப்பற்றுமருந்து பரவி நிற்கும். துப்பாக்கியின் அடிமுள் விளிம்பை நசுக்க, மருந்து பற்றி, உறையினுள்ளிருக்கும் வெடிமருந்தை எரியச் செய்யும். விளிம்பு நசுங்க வேண்டுமாதலின் உறையின் சுவர் மெல்லியதாக இருத்தல் அவசியம். மெல்லிய உறை மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே பெரிய தோட்டாக்களில் தீப்பற்றுமருந்து உறையின் நடுவே தனிக்கிண்ணத்தில் வைக்கப்படும் முறை நிலைபெற்றது. விளிம்புத்தோட்டா சிறுகுண்டுகளுக்கே உரியதாயிற்று. ஒருமுறை சுட்ட உறையை மீண்டும் நிரப்ப இயலாது என்பது அதன் குறை. மலிவு, குறைந்த ஓசை, தோளை உதைக்காத மென்மை என்பன அதன் நிறைகள்.

.22 தோட்டாவின் வளர்ச்சி மூன்று படிகளைக் கொண்டது. 1857 இன் தோட்டா 29 கிறெயின் நிறையுள்ள குண்டையுடையது. அது ‘சோர்ட்’ எனப்பட்டது. 1871 இல் அதே குண்டை நீண்ட உறையிற் பொருத்தி ‘லோங்’ என்னும் தோட்டா உருவாக்கப்பட்டது. 1887 இல் அமெரிக்காவின் ஸ்ரீவன்ஸ் நிறுவனம் அந்நீண்ட உறையில் 40 கிறெயின் குண்டைப் பொருத்தி ‘லோங் றைபிள்’ தோட்டாவை வெளியிட்டது. இம்மூன்றாவதே உலகெங்கும் நிலைபெற்றது. பேக்கரின் நான்கு அவுன்ஸ் குண்டு 1,750 கிறெயின் நிறையுடையது. அதாவது, நாற்பத்துமூன்று லோங் றைபிள் குண்டுகளின் நிறைக்கும் அது சற்று மேற்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குள் துப்பாக்கியின் அளவுகோல் எத்துணை சுருங்கியது என்பதனை இவ்வெண்கள் புலப்படுத்துகின்றன.

சிறுவேட்டைக்கும் குறிபார்த்துச் சுடுதற்கும் ஒரே தோட்டா பொருந்துமா என்பதே இத்துறையில் நெடுங்காலம் நிலவிவரும் விவாதம். 1930 ஆம் ஆண்டளவில் மிகுவேகத் தோட்டாக்கள் சந்தைக்கு வந்தபின் இவ்விவாதம் கூர்மையடைந்தது. சாதாரண லோங் றைபிள் குண்டு குழலைவிட்டு வெளிவரும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 1,080 அடி வேகத்தைக் கொண்டது. மிகுவேகத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 1,250 அடி வேகத்திற் செல்லும். நுவரெலியாவின் குளிர்ந்த வளியில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,115 அடியாகும். ஒலியை முந்திப் புறப்படும் குண்டு சிறிது தூரத்தில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகின்றது. அவ்வாறு இறங்கும்போது அதன் ஓட்டம் குலையக்கூடும். வேகம் கூடுதலாயிருந்தும் துல்லியம் குறைவதற்கு இது ஒரு காரணம். ஒலிம்பிக் போட்டியில் 50 மீற்றர் தொலைவிலுள்ள இலக்கின் பத்துப்புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதனைத் தொட விரும்புவோர் ஒலியை முந்தாத தோட்டாவையே நாடுகின்றனர்.

வேட்டைக்காரரின் தேவை வேறானது. தாளிலே துளையிடும் குண்டுக்கு வலு வேண்டுவதில்லை. உயிரை வதையின்றி உடனே பிரிக்கும் குண்டுக்கு வலு வேண்டும். ஆதலின் அவர் மிகுவேகத் தோட்டாவையும், பட்டவுடன் விரியுமாறு நுனியிற் குழிவுடைய குண்டையும் விரும்புகின்றார். முயலளவு விலங்குக்கு அறுபது எழுபது யார் வரை லோங் றைபிள் போதும். 1959 இல் வந்த .22 மாக்னம் அதே நிறையுள்ள குண்டைச் செக்கனுக்கு ஏறத்தாழ 1,900 அடி வேகத்திற் செலுத்தி அவ்வெல்லையை நீட்டியது. ஆயினும் அருகிலிருந்து சுட்டால் உண்ணவேண்டிய இறைச்சியை அது சிதைத்துவிடும். 2002 இல் வெளிவந்த .17 அங்குலத் தோட்டா 17 கிறெயின் குண்டை 2,550 அடி வேகத்திற் செலுத்துகின்றது. அது கோடிழுத்தாற்போலச் செல்லுமாயினும் இலேசான குண்டாதலின் காற்றின் தள்ளலுக்கு ஆளாகின்றது. இவற்றுள் எதுவும் காட்டுப்பன்றிக்கு ஏற்றதன்று. தடித்த தோலும் வலிய எலும்புமுடைய அவ்விலங்கை விளிம்புத்தோட்டா காயப்படுத்தும், வீழ்த்தாது. இவ்வுண்மை பின்னர் வேறொரு தொடர்பில் முக்கியத்துவம் பெறும்.

மலைநாடு இப்பொது விதிகளுக்குச் சில திருத்தங்களை வேண்டி நிற்கின்றது. சரிவிலே மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு குறிக்கு மேலேயே செல்லும். குண்டைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு, சரிந்த தூரத்துக்கன்றி, கிடைத்தூரத்துக்கே கணக்கிடப்பட வேண்டியதாகும். நாற்பத்தைந்து பாகைச் சரிவில் நூறு யார் தொலைவிலுள்ள குறிக்கு எழுபது யார் தொலைவுக்கான கணிப்பே பொருந்தும். ஈரப்பதம் மற்றொரு பிரச்சினை. பழைய தோட்டாக்களின் தீப்பற்றுமருந்திற் குளோரேற்று உப்புச் சேர்க்கப்பட்டிருந்தது. அது எரிந்தபின் குழலிற் படியும் உப்பு வளியின் ஈரத்தை ஈர்த்துத் துருவை விளைவித்தது. சிறுகுழலில் வெடிமருந்தைவிடத் தீப்பற்றுமருந்தின் விகிதம் கூடுதலாதலின் கேடும் கூடுதலாயிற்று. மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நீங்காத ஹற்றன், மஸ்கெலியாப் பகுதிகளில் ஒருநாள் துடைக்கத் தவறிய குழல் பழுதாவதற்கு அதுவே போதும். துருப்பிடிக்காத தீப்பற்றுமருந்து 1920களில் பரவியதன் பின்னரே இத்தொல்லை நீங்கியது.

ஆயினும் மலைநாட்டின் தலையாய திருத்தம் குறிக்கு அப்பாலுள்ள இடத்தைப் பற்றியதாகும். பறவைகளையும் முயல்களையும் சுடும் சன்னத்துப்பாக்கியின் சிறுசன்னங்கள் ஏறத்தாழ 250 யார்களுக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் .22 லோங் றைபிள் குண்டோ ஏறத்தாழ ஒன்றரை மைல் வரை செல்லவல்லது. கல்லிலோ நீரிலோ பட்டால் திசைமாறித் தெறிப்பதும் அதன் இயல்பு. தட்டையான புல்வெளியிலே மண்மேட்டைப் பின்னணியாகக் கொண்டு சுடுவோர்க்கு இது பெரிய கவலையன்று. தேயிலை மலையிலே நிலைமை வேறு. ஒரு சரிவிலிருந்து நோக்கினால் எதிரே நிற்பது மற்றொரு சரிவு. இடையிலே பள்ளம், பள்ளத்திலே ஓடை, ஓடைக்கரையெங்கும் கருங்கற்கள். எதிர்ச்சரிவில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுக்கு மேலே லயன்கள். லயன்களின் முற்றத்திலே பிள்ளைகள். மூடுபனி இறங்கினால் அவர்கள் இருப்பதே தெரியாது. ஆகவே இம்மலைகளில் ஒரு தோட்டாவின் பெருமை அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் இல்லை. எங்கே நின்றுவிடும் என்பதிலேயே உள்ளது. வலு குறைந்ததென வேட்டை நூல்கள் ஒதுக்கும் சன்னத்தோட்டாவே மனிதர் செறிந்த சரிவுக்குப் பொருத்தமானது என்னும் முடிவு, பங்களாவின் முன்றிலிலிருந்து பார்ப்போர்க்குத் தோன்றுவதைவிட எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்போர்க்கே எளிதாகத் தோன்றும்.

குறிபார்த்துச் சுடுதல் வெறும் விளையாட்டாக வளர்ந்ததன்று. 1899 இல் தென்னாபிரிக்காவில் மூண்ட போயர் போரிலே, வேட்டையிற் பயின்ற விவசாயிகளின் குறிபிசகாத சூடு பிரித்தானியப் படையைத் திகைக்க வைத்தது. அதன் விளைவாக, பொதுமக்களும் குறிபார்த்துச் சுடப் பழக வேண்டும் என்னும் இயக்கம் பிரித்தானியாவில் எழுந்தது. 1901 இல் சிறுகுழல் றைபிள் கழகங்களின் சங்கம் அங்கே அமைக்கப்பட்டது. மலிவான .22 தோட்டா அவ்வியக்கத்தின் கருவியாயிற்று. 1908 இலண்டன் ஒலிம்பிக்கிலே சிறுகுழல் றைபிள் போட்டி இடம்பெற்றது. தாளிலே வட்டங்களைத் துளைக்கும் பயிற்சி, போர்க்களத்துக்கான ஆயத்தமாகவே கருதப்பட்டது.

இலங்கை மலைநாட்டிலும் இதற்கு ஒப்பான ஒரு நிறுவனம் தோன்றியது. 1900 இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரே அதன் அங்கத்தவர்கள். அவ்வாண்டிலேயே அதன் ஒரு பிரிவு தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 1914 ஒக்ரோபரில் எட்டு அதிகாரிகளும் 229 வீரரும் எகிப்துக்குக் கப்பலேறினர். பின்னர் கலிப்பொலிப் போர்முனையிலும் அவர்கள் பணியாற்றினர். 1949 இல் அப்படை கலைக்கப்பட்டது. வெளிநாட்டுப் போர்களைவிட உள்நாட்டில் அதன் இருப்பு உணர்த்திய பொருளே இங்கு கருதத்தக்கது. தோட்டத்தில் வேலை கொடுப்பவரும், கூலியைத் தீர்மானிப்பவரும், பிணக்கை விசாரிப்பவரும் துரையாகவே இருந்த காலம் அது. அவரே பயிற்சி பெற்ற ஆயுததாரியுமானார். 1915 இல் கலவரம் மூண்டு இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டபோது தோட்டத்துரைமாரும் ஆயுதந் தாங்கிப் பணியிற் சேர்க்கப்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பற்றிச் சட்டசபையிலே குரலெழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1916 இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். தாள் வட்டத்துக்கும் மனித உடலுக்கும் இடையிலுள்ள தூரம் எத்துணை குறுகியது என்பதனை அந்நிகழ்ச்சிகள் காட்டின.

அதே 1916 ஆம் ஆண்டில் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஆயுதங்களைக் கட்டுப்படுத்தல் எந்த அரசுக்கும் உரிய கடமையே. ஆயினும் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வு அனுமதிப்பத்திரத்தின் வாயிலாகத் துப்பாக்கியிலும் பிரதிபலித்தது என்பதை மறுத்தலரிது. நிலமோ வீடோ தமக்கென இல்லாது, துரையின் நிலத்திலே துரையின் லயனில் வாழ்ந்த தொழிலாளி, பாதுகாப்பதற்குப் பயிரோ சொத்தோ உண்டென்று எந்த அலுவலகத்திற் சொல்ல முடியும்? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியபின் அவ்வினாவுக்கே இடமில்லாது போயிற்று.

தோட்டாவின் மூன்றாவது வினா முதன்முறையாக நாடளாவிய அரசியற் பிரச்சினையாக எழுந்தது முல்லோயாவிலேயாகும். ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்திலே 1939 இன் இறுதியிற் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1940 ஜனவரி 10 ஆம் நாள் பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். இதனை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவராகிய கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் மனைவியின் சார்பில் அதன்முன் தோன்றினார். பொலிஸ் நிருவாகத்தில் அமைச்சருக்கு உள்ள அதிகாரம் யாது என்னும் சர்ச்சை தேசாதிபதி கல்டிகொற்றுக்கும் அமைச்சர்களுக்குமிடையே மூண்டு, அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்குச் சென்றது. வேட்டைக்குப் போன துப்பாக்கிக்கு எவரும் கணக்குக் கேட்டதில்லை. முல்லோயாவிலோ, யார் ஆணையிட்டார், ஏன் சுட்டார் என்னும் வினாக்கள் ஒரு கூலித் தொழிலாளியின் பெயரால் எழுப்பப்பட்டன. மலையகத் தமிழரின் நினைவிலே கோவிந்தன் முதல் தியாகியாக நிலைபெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமாரின் காலம் முடிந்தது. துப்பாக்கியின் திசை மாறவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தளிக்கும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தபோது, 1977 மே 11 ஆம் நாள் தலவாக்கொல்லைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்திலே பொலிஸாரின் சூட்டுக்குச் சிவனு லெட்சுமணன் பலியானார். உடைமையாளர் மாறியபோதும் குறிக்கு அப்பால் நின்றவர் மாறாதிருந்தமை கவனிக்கத்தக்கது.

இனி, தோட்டா எட்டாத கைகள் எதனைத் தெரிவுசெய்தன என்பதை நோக்குதல் வேண்டும். தோட்டத்து ஓரங்களில் மரக்கறி பயிரிடும் குடும்பங்களுக்கு மாபெரும் பகை காட்டுப்பன்றியாகும். ஒரே இரவிலே உருளைக்கிழங்குப் பாத்தியை அது உழுது புரட்டிவிடும். அதனை வீழ்த்தத்தக்க துப்பாக்கி அவர்களிடம் இல்லை. இருப்பினும் விளிம்புத்தோட்டா அதற்கு ஆகாது என்பது முன்னர் கூறப்பட்டது. அண்டைக் கிராமங்களிலும் காட்டோரங்களிலும் இவ்விடைவெளியை நிரப்பியது கட்டுத்துவக்கு. வாய்வழி நிரப்பப்பட்ட நாட்டுத்துப்பாக்கி ஒன்றை விலங்கு செல்லும் பாதையோரத்திற் பொருத்தி, குறுக்கே நூல்கட்டி வைப்பர். நூலை மிதிப்பது பன்றியாயினும் மனிதராயினும் அது வெடிக்கும். விறகு பொறுக்கச் சென்றோர் காலிழந்த செய்திகள் இந்நாட்டு மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. சட்டம் அதனைத் தடைசெய்துள்ளது.

தோட்டங்களிலே இன்று பரவலாகக் காணப்படுவது கம்பிச் சுருக்கு. அதற்குத் தோட்டா வேண்டாம், அனுமதிப்பத்திரம் வேண்டாம், பழைய கம்பித்துண்டொன்று போதும். பன்றிக்கென வைக்கப்படும் இச்சுருக்கில் மரையும் சிறுத்தையும் சிக்குகின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிலே அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கிற் சிக்கி, சிகிச்சை பயனளிக்காது இறந்தது. நாடெங்கும் அது பேசப்பட்டது. சுருக்கு வைத்தவரைத் தண்டித்தல் சட்டத்தின் கடமை. எனினும் வரலாற்று மாணவர் அதனோடு நின்றுவிடுதல் போதாது. பேக்கரும் றோஜர்ஸும் காட்டை வெறுமையாக்கியது விலங்குகளைப் பிரித்தறிந்து தெரிவுசெய்த கருவிகளைக் கொண்டே. சுருக்கோ எதனையும் பிரித்தறியாது. தெரிவு செய்யும் வசதி எவர்க்கு மறுக்கப்பட்டதோ, அவர்களின் கருவி தெரிவு செய்ய இயலாத கருவியாக அமைந்தமை தற்செயலன்று.

வேட்டை விலங்குகளைக் காக்கும் முயற்சி வேட்டைக்காரரிடமிருந்தே தொடங்கியது என்பதும் இங்கு சொல்லப்பட வேண்டியதாகும். 1894 இல் அமைந்த இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் முன்னின்றோர் ஆங்கிலத் துரைமாரும் அதிகாரிகளுமே. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் திருத்தங்களும் படிப்படியாகப் பெரும்பாலான விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பாதுகாப்பளித்தன. பேக்கர் வேட்டையாடிய ஹோர்ட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. யானைகளோ அங்கு திரும்பவில்லை. மரைகளே இன்று அப்புல்வெளியில் மேய்கின்றன. பொழுதுபோக்குச் சிறுவேட்டை இவ்வாறு சட்டத்தின் எல்லைக்கு வெளியே சென்றுவிட்டமையால், விளிம்புத்தோட்டாவுக்கு இந்நாட்டில் எஞ்சியுள்ள முறையான இடம் குறிபார்த்துச் சுடும் களமேயாகும். வேட்டைக்கு எது, விளையாட்டுக்கு எது என்னும் பழைய விவாதம், ஒலியை முந்தாத எளிய லோங் றைபிள் தோட்டாவுக்குச் சார்பாக இங்கு தீர்ந்துவிட்டது எனலாம்.

அக்களத்திற் புதிதாகச் சேரும் மாணவருக்குக் கற்பிக்கப்படும் அடிப்படை விதிகளுள் ஒன்று, குறியை அறிவதோடு குறிக்கு அப்பால் இருப்பதையும் அறிந்துகொள் என்பதாகும். பின்னே மண்மேடு இல்லாத இடத்தில் எவரும் சுட அனுமதிக்கப்படுவதில்லை. ஓர் எளிய பாதுகாப்பு விதியாகிய இது, மலைநாட்டுத் துப்பாக்கி வரலாற்றை மதிப்பிடுவதற்கும் தக்க அளவுகோலாகின்றது. காட்டுக்கு அப்பால் எஞ்சப்போவது யாது என்று றோஜர்ஸ் எண்ணவில்லை. முல்லோயாவிலும் டெவனிலும் குறிக்கு அப்பால் இருந்தது ஒரு குடும்பத்தின் வாழ்வு. பன்றிச் சுருக்குக்கு அப்பால் இருப்பது சிறுத்தை.

துரைமாரின் வேட்டைக் குறிப்புகள் நூலகங்களிலே பேணப்பட்டுள்ளன. எதிர்ச்சரிவில் நின்றவர்களின் நினைவுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்கின்றன. முதியோர் மறைய அவையும் மறைந்து வருகின்றன. வெடியோசை கேட்டதும் நிரையிற் குனிந்துகொண்ட பெண்களும், துரையின் வேட்டைக்குக் காடு கலைக்கச் சென்ற ஆண்களும் அறிந்திருந்த வரலாறு எந்த வேட்டை நூலிலும் இடம்பெறவில்லை. அதனைக் கேட்டுப் பதிவு செய்யும் பணி மலையகத்திலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேரும் இன்றைய தலைமுறை மாணவரை எதிர்நோக்கி நிற்கின்றது.